கடைசி வாரத்தில் கை விரிக்கும் துப்பறியும் தொடர்கள்

தம்பானூர்:

கொலை விழுகிற அன்று கூட்டம் கூடிவிடுகிறது. கொலையாளி பிடிபடுகிற அன்றோ, "இதற்குத்தானா இத்தனை நாள் கண் விழித்தோம்?" என்று சலித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களைப் பற்றி நேயர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் குறை இது. தொடக்கம் பிரமாதம், நடுவில் பரவாயில்லை, முடிவில் ஏமாற்றம் என்பது ஏறக்குறைய ஒரு வாடிக்கையாகவே ஆகிவிட்டது.

திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வருத்தம் உண்டு. சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குபவர்கள், தம்பானூர் ஓட்டல்களில் சப்ளையர்களாக இருப்பவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள் ஆகியோரில் பலருக்குக் குடும்பம் நாகர்கோவிலிலோ தென்காசியிலோ மதுரைப் பக்கமோ இருக்கிறது. வேலை முடிந்து அறைக்குத் திரும்பியவர் இங்கே ஒரு தொடரைப் பார்ப்பார். அதே தொடரை ஊரில் வீட்டார் பார்ப்பார்கள். மறுநாள் போனில் பணம் வந்து சேர்ந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தது எல்லாம் பேசி முடித்த பிறகு மிச்சமிருக்கும் பேச்சு, "யார் கொன்றிருப்பான்?" என்பதுதான். மாதக்கணக்கில் அந்தப் பேச்சுக்கு உயிர் கொடுத்த கதை கடைசியில் சப்பென்று போனால் மனம் கசக்கத்தானே செய்யும்?

துப்பறியும் கதை ஒரு கைமாற்றைப் போன்றது. குடும்பக் கதையும் காதல் கதையும் அன்றாடச் சுவையை அன்றாடமே தந்துவிடும். கொலைக் கதை மட்டும், "இன்றைக்குப் பொறுத்துக்கொள், கடைசியில் வட்டியும் முதலுமாகத் தருகிறேன்" என்று சொல்லி நேயரின் நேரத்தை வாங்கிக்கொண்டே போகிறது. கெடு நாளன்று கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டால் வாங்கியவரின் பெயர் கெடும். அப்படிப் பெயர் கெட்டவர்களின் பட்டியல் உள்ளூரில் தொடங்கி உலகம் முழுவதும் நீள்கிறது.

விடை பெறாமல் போன சி.ஐ.டி.

இந்தியத் தொலைக்காட்சியில் மிக நீண்ட நாள் ஓடிய துப்பறியும் தொடர்களுள் முதலில் நினைவுக்கு வருவது சோனி டி.வி.யின் 'சி.ஐ.டி.'. பி.பி. சிங் உருவாக்கிய இந்தத் தொடர் 1998 ஜனவரி 21-இல் தொடங்கியது. விரல்களைச் சுழற்றியபடி யோசிக்கும் ஏ.சி.பி. பிரத்யுமன், பூட்டிய கதவுகளை உடைத்தே தீரும் தயா, கூர்மையான அபிஜீத், பிணப் பரிசோதனை செய்யும் டாக்டர் சாலுங்கே ஆகியோர் இந்தி அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் வீட்டு மனிதர்களாக ஆகிப்போனார்கள். 2004-இல் 111 நிமிடக் கதை ஒன்றை இடையில் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் படமாக்கிக் கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்தார்கள்.

இப்படி இருபது ஆண்டுகள், 1,547 பகுதிகள் ஓடிய தொடர் 2018 அக்டோபர் 27-ஆம் தேதி நின்றது. முடிந்தது என்று சொல்வதற்கில்லை, நின்றது, அவ்வளவுதான். "இது இடைவேளை, புதிய பருவத்தோடு திரும்புவோம்" என்ற பொருளில் நிறுவனம் ஓர் அறிவிப்புக் கொடுத்தது. படப்பிடிப்பு நிற்கிறது என்ற தகவல் தங்களுக்கே திடீரென்று வந்தது என்று நடிகர்கள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். அந்தத் தொடரில் வாராவாரக் குற்றங்கள் ஒன்றிரண்டு பகுதிகளில் முடிந்துவிடும் என்பது உண்மையே. ஆனாலும் இருபது ஆண்டு பழகிய மனிதர்கள் ஓய்வு பெறுவதையோ பிரிவதையோ காட்டும் ஒரு காட்சியை நேயர்கள் எதிர்பார்த்தார்கள். அலுவலகத்தில் இருபது வருஷம் உழைத்த பியூனுக்குக்கூட ஒரு மாலையும் டீ பார்ட்டியும் உண்டு. அதுகூட இவர்களுக்கு நடக்கவில்லை.

இடைவேளை ஆறு ஆண்டு நீண்டது. இடையில் 2023 டிசம்பரில், சிரிப்பூட்டும் பிரெடரிக்ஸ் வேடத்தில் நடித்த தினேஷ் பட்னிஸ் காலமானார். தொடர் 2024 டிசம்பர் 21-இல் மீண்டும் வந்தபோது அவர் இல்லை. 2018-இல் முறையாக ஒரு முடிவு எடுத்திருந்தால் பிரெடரிக்ஸும் நேயர்களிடம் கைகூப்பி விடைபெற்றிருப்பார்.

செத்தவர் திரும்பினால்

மீண்டும் வந்த தொடர் இன்னொரு விதத்தில் சறுக்கியது. 2025 ஏப்ரலில் ஏ.சி.பி. பிரத்யுமன் குண்டுவெடிப்பில் இறந்துவிட்டதாகக் கதை போயிற்று. "1998-2025" என்று ஆண்டு போட்டு நிறுவனமே அஞ்சலி அறிவிப்பு வெளியிட்டது. நேயர்கள் கொதித்தார்கள். அந்த நாற்காலியில் புதிய ஏ.சி.பி. ஒருவர் உட்கார்ந்தார். அதே ஆண்டிலேயே பிரத்யுமனாக நடிக்கும் சிவாஜி சாட்டம் தொடருக்குத் திரும்பிவிட்டார். அழுதவர்களுக்கு மகிழ்ச்சிதான், இருந்தாலும், இனி இந்தத் தொடரில் யார் செத்தாலும் யார் நம்புவார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

இந்தக் கூத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட முன்னுதாரணம் இருக்கிறது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், 1893 டிசம்பரில் வெளிவந்த கதையில் அவரை சுவிட்சர்லாந்தின் நீர்வீழ்ச்சி ஒன்றில் விழவைத்துக் கதையை முடித்தார். லண்டன் வாசகர்கள் கோபக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். கடைசியில் 1903-இல், ஹோம்ஸ் அன்று நீர்வீழ்ச்சியில் விழவே இல்லை என்று சொல்லி டாயில் அவரைத் திருப்பிக் கொண்டுவர நேர்ந்தது.

அமெரிக்காவில் 'டெக்ஸ்டர்' என்ற தொடர் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. பகலில் போலீசுக்கு ரத்தக்கறை ஆய்வாளர், இரவில் குற்றவாளிகளைத் தேடிக் கொல்பவர் என்ற இரட்டை வாழ்க்கைக்காரனின் கதை அது. எட்டுப் பருவங்களாக, "இவன் பிடிபடுவானா, தண்டனை கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே நேயர்கள் காத்திருந்தார்கள். 2013 செப்டம்பர் 22-இல் வந்த கடைசிப் பகுதியில் அவன் இறந்ததுபோல் ஏமாற்றிவிட்டு எங்கோ ஒரு காட்டில் மரம் வெட்டப் போய்விட்டான். உலகின் மோசமான தொடர் முடிவுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் முதல் வரிசையில் சொல்லப்படுவது இது. 2022 ஜனவரியில் வேறொரு முடிவு கொடுத்து, சொந்த மகன் கையால் அவனைச் சுட வைத்தார்கள். 2025-இல் அவன் பிழைத்துக்கொண்டான் என்று அடுத்த தொடர் வந்துவிட்டது.

13 வாரம் காத்தும் பெயர் வரவில்லை

முடிவைத் தள்ளிப்போடுவதும் ஒரு ஏமாற்றுதான். 2011 ஏப்ரலில் அமெரிக்காவில் 'தி கில்லிங்' என்ற தொடர் தொடங்கியது. ஒரு பள்ளி மாணவியைக் கொன்றது யார் என்ற கேள்வியையே விளம்பர வாசகமாக்கி ஊரெங்கும் பரப்பினார்கள். 13 பகுதிகள் கழிந்து ஜூன் 19-ஆம் தேதி பருவம் முடிந்தபோது கொலையாளியின் பெயர் சொல்லப்படவில்லை. "அடுத்த ஆண்டு பாருங்கள்" என்பதுபோல் திரை இறங்கியது. நேயர்களும் விமர்சகர்களும் பொரிந்து தள்ளினார்கள். பெயர் வெளிவந்தது ஓராண்டு கழித்து 2012 ஜூனில்தான். அதற்குள் நேயர்களில் ஒரு பகுதியினர் விலகிப் போயிருந்தார்கள்.

இதன் மூலம் 2007-இல் டென்மார்க்கில் வந்த தொடர். அதில் ஒரே கொலையை 20 பகுதிகளில் எடுத்து, அந்த 20-க்குள்ளேயே விடையையும் சொல்லி முடித்திருந்தார்கள். நீளம் அங்கே யாருக்கும் உறுத்தவில்லை. கேட்ட கேள்விக்குச் சொன்ன இடத்தில் பதில் வந்துவிட்டதே காரணம்.

கோளாறு எங்கே?

எழுதுபவர்களின் திறமைக் குறைவு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் அது நியாயமாகாது. தொலைக்காட்சித் தொடர்கள் தயாராகும் முறையிலேயே கோளாறு இருக்கிறது.

திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985 ஜனவரியில் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. அதே ஆண்டில் தேசிய அலைவரிசையில், காரட் கடித்துக்கொண்டே துப்பறியும் 'கரம்சந்த்' வந்தது. அந்தக் காலத்தில் தூர்தர்ஷன் தொடர்களுக்கு 13 வாரக் கணக்கில் அனுமதி தரும். ஆண்டின் 52 வாரத்தில் கால் பங்கு 13. கிடைத்தது 13 வாரம் என்று தெரிந்து எழுதுபவர், கதையை எங்கே முடிக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டே எழுதுவார்.

தனியார் சேனல்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள் என்ற கணக்கு வியாழக்கிழமைதோறும் வரத் தொடங்கியது. எண் ஏறினால் கதையை நீட்டு, இறங்கினால் நிறுத்து என்று உத்தரவு. நன்றாக ஓடும் கொலைக் கதையில் கொலையாளியைப் பிடித்துவிட்டால் கடை மூடவேண்டியதுதான். எனவே புதிதாக ஒரு சந்தேக ஆள், புதிதாக ஓர் இரட்டைப் பிறவி, புதிதாக ஒரு பழைய பகை என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். கடைசியில் அத்தனை முடிச்சுகளையும் ஒரே வாரத்தில் அவிழ்க்கச் சொன்னால் எந்த எழுத்தாளராலும் ஆகாது.

கைப்பேசியில் பார்க்கும் ஓ.டி.டி. தொடர்கள் இந்த நோயைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்தார்கள். எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியாவதால் வாராவார நீட்டல் இல்லை. ஆனால் அங்கே எட்டுப் பகுதி வேண்டும் என்றால் எட்டுப் பகுதி. கதை ஐந்துக்குத்தான் தாங்கும் என்றாலும் எட்டு. கன்னியாகுமரி மாவட்ட மண்ணையும் பேச்சையும் வைத்து ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கி, எஸ்.ஜே. சூர்யா நடித்து 2022 டிசம்பர் 2-இல் வந்த 'வதந்தி'யை நாகர்கோவில்காரர்கள் ஆசையோடு பார்த்தார்கள். செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஊர் என்னென்ன பேசுகிறது என்பதைக் காட்டிய விதம் பாராட்டுப் பெற்றது. அதே சமயம், நீளம் அதிகம் என்பது விமர்சகர்கள் பலர் சொன்ன குறை. சுற்றிச் சுற்றி வந்து களைத்துப்போன மனத்துக்கு, முடிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் சுவைக்காது. பசி ஆறிப்போன பிறகு வரும் பாயசம் மாதிரிதான்.

முடிவைத் தெரிந்துகொண்டு தொடங்கியவர்கள்

குறை சொல்லும்போது நிறைவாகச் செய்தவர்களையும் சொல்ல வேண்டும். தமிழ் நேயர்கள் இன்றும் மறக்காதது 'மர்மதேசம்'. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கத்தில் 1990-களில் வந்த இந்தத் தொடரின் கதைகளை எழுதியவர் 2024 நவம்பரில் மதுரையில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன். அதில் 'விடாது கருப்பு' பகுதியைப் பார்த்தவர்கள் கருப்பின் குதிரைக் குளம்பொலியை இன்றும் சொல்லிக்காட்டுவார்கள். கொலை செய்வது தெய்வமா, மனிதரா என்ற கேள்விக்குக் கடைசியில் வந்த விடை நேயர்களைத் திடுக்கிட வைத்தது, ஏமாற்றவில்லை. அது முன்பே நாவலாக எழுதி முடிக்கப்பட்ட கதை. முடிவு கையில் இருந்ததால் அதற்கான தடயங்களை ஆரம்பத்திலிருந்தே தூவிவர முடிந்தது. விடை தெரிந்தவர்கள்கூட முதலிலிருந்து இன்னொரு முறை பார்க்கிறார்கள் என்றால் அதுதான் காரணம்.

1993-இல் தூர்தர்ஷனில் பாசு சட்டர்ஜி இயக்கிய 'வியோம்கேஷ் பக்ஷி'யும் அப்படித்தான். சரதிந்து பந்தோபாத்யாயாவின் வங்காளிக் கதைகளை எடுத்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு கதை என்று கணக்காக முடித்தார்கள். ராஜித் கபூரின் வேட்டி கட்டிய துப்பறிவாளருக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

சமீபத்தில் கேரளத்திலேயே ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. அகமது கபீர் இயக்கி 2023 ஜூன் 23-இல் ஹாட்ஸ்டாரில் வந்த 'கேரள கிரைம் பைல்ஸ்' மலையாளத்தோடு தமிழிலும் கிடைத்தது. 2011-இல் எர்ணாகுளத்து லாட்ஜ் ஒன்றில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். போலீசுக்குக் கிடைத்த ஒரே துப்பு லாட்ஜ் பதிவேட்டில் எழுதியிருந்த விலாசம்: ஷிஜு, பாறயில் வீடு, நீண்டகரை. அந்த விலாசமோ பொய். தம்பானூர் லாட்ஜ்களில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட எவருக்கும் இந்தக் கதை நெருக்கமாகத் தோன்றும். லாலும் அஜு வர்கீஸும் நடித்த ஆறே பகுதிகள். கடைசி நிமிடத்தில் தலைகீழ்த் திருப்பம் ஒன்றும் கிடையாது. "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்கள் இல்லாமலில்லை. ஆனால் போலீஸ்காரர்கள் படிப்படியாக நடந்து போய்ப் பிடித்தார்கள்; கேட்ட கேள்விக்கு நேரான பதில் வந்தது. கணக்கு பைசா சுத்தமாக முடிந்தது.

திருப்பம் வேண்டுமா, நியாயம் வேண்டுமா?

நேயர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் பி.பி.சி.யின் 'லைன் ஆப் டியூட்டி' தொடர், போலீசுக்குள் ஒளிந்திருக்கும் பெரிய ஊழல் தலைவன் யார் என்ற கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2021 மே 2-இல் விடை வந்த இரவு சுமார் ஒரு கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள். பெரிய புலி வரும் என்று காத்திருந்தவர்களுக்கு முன்னால், எல்லோரும் அசடு என்று ஒதுக்கிவைத்த ஒரு மேலதிகாரியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நாடே முணுமுணுத்தது. பெரிய ஊழல்கள் பல நேரம் மகா மூளைக்காரர்களால் நடப்பதில்லை, உதவாக்கரைகள் மேலே மேலே ஏற்றிவிடப்படுவதாலேயே நடக்கின்றன என்பது எழுதியவர் தரப்பு வாதம். அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இந்த வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள்! சப்பென்ற முடிவு எல்லாமே பொய்யான முடிவு என்று சொல்லிவிடக் கூடாது.

அப்படியானால் நல்ல முடிவை எப்படி அடையாளம் காண்பது? 1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும், முன்னறிவிப்பு இல்லாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவரக் கூடாது என்பவை அவற்றுள் சில. நம் தொடர்களில் பலவற்றை இந்தத் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசகர்களே சொல்லிவிடலாம். முடிவைத் திறந்து விடுவதும் தப்பில்லை. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' விஞ்ஞானமா பேயா என்ற வாதத்தை முழுசாக மூடாமலே முடிந்தது. இரண்டு பக்கத்துக்கும் சாட்சிகளை நேர்மையாக வைத்திருந்ததால் வாசகர்கள் அதை ரசித்தே வாதம் செய்தார்கள்.

நேயர்கள் இவ்வளவு ஆதங்கப்படுவதற்கு அடியில் வேறொரு காரணமும் இருக்கலாம். நிஜ வாழ்க்கையில் குற்றங்கள் லேசில் முடிவதில்லை. 1992 மார்ச் 27-ஆம் தேதி கோட்டயத்தில் கன்னியர் விடுதிக் கிணற்றில் சிஸ்டர் அபயாவின் உடல் கிடந்தது. உள்ளூர் போலீசும் கிரைம் பிராஞ்சும் தற்கொலை என்றார்கள். சி.பி.ஐ. கைக்கு வழக்குப் போயிற்று. தாமிரம் திருட அந்த விடியற்காலையில் விடுதிக்குள் நுழைந்த ஒரு திருடரின் சாட்சியம் வழக்கில் முக்கியமாயிற்று. 28 ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் சி.பி.ஐ. தனி நீதிமன்றம் இருவரைக் குற்றவாளிகள் என்று கூறித் தண்டித்தது. 2022 ஜூனில் மேல்முறையீட்டின் பேரில் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. மகளுக்காகக் காத்திருந்த பெற்றோர் 2020-இன் தீர்ப்பைக் கேட்கவே உயிரோடு இல்லை.

கூலி பாக்கியை ஏமாற்றிய மேஸ்திரி, ரயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் என்று ஒவ்வொருவருக்கும் முடியாத வழக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. யார் செய்தது, ஏன் செய்தான் என்று ஒருவர் எழுந்து நின்று தெளிவாகச் சொல்வதைக் கேட்க, அத்தகையவர்களுக்குக் கதையை விட்டால் வேறு இடம் குறைவு. அங்கேயும், "அடுத்த பருவத்தில் சந்திப்போம்" என்று சொன்னால் எப்படி?

இப்போது நேயர்கள் சூடு கண்ட பூனைகளாகிவிட்டார்கள். புதிய துப்பறியும் தொடர் வந்தால், "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதற்கு முன்னால், "முடித்துவிட்டார்களா?" என்று கேட்கிறார்கள். பார்த்து முடித்த ஒருவர் கடைசிப் பகுதி சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகே முதல் பகுதியைத் தொடுகிறார்கள். தயாரிப்பாளர்கள் இந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது. கடைசிப் பகுதியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குக் கிளம்பினால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.